காரிடாரில் திரும்பாத ஸ்கீ: கூல்வார் என்றால் என்ன?

என் பனிச்சறுக்கு ஸ்கீ பலகைகளின் நீளம் 172 சென்டிமீட்டர். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் காரிடார் ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். பூந்தொட்டி, செருப்பு அலமாரி எல்லாம் போக, தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டராவது வழி காலியாக இருக்க வேண்டும். டிசம்பர் விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ போய் வந்தால் பலகைகளை உடனே துடைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் அவற்றின் எஃகு விளிம்பு துருவேறிவிடும். போன வருடம் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பலகையைக் குறுக்கே திருப்பப் பார்த்தேன். நுனி பக்கத்து வீட்டு மல்லிகைத் தொட்டியில் இடித்தது, வால் சுவரில் முட்டியது. பலகை திரும்பவில்லை.

அந்த வருடத் தீபாவளிக்குத்தான் அத்தை கைப்பேசியை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டியிருந்தார். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே தொங்கும் ஒரு வெள்ளைக் கோட்டில் ஒருவர் துள்ளித் துள்ளி இறங்குகிறார். "ஏன்டா, அவ்ளோ பெரிய கேபிள் கார் பக்கத்துலயே ஓடுது. லிப்ட் இருக்கும்போது இவன் ஏன் சுவத்துல இறங்குறான்?" என்று கேட்டார். ஏன் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அது என்ன இடம், எப்படி இறங்குகிறார் என்பதைச் சொல்ல முடியும்.

அந்த இடத்துக்குப் பெயர் கூல்வார். பிரெஞ்சுச் சொல், பொருள் காரிடார்தான். பிரெஞ்சுக்காரர் தன் வீட்டுக்கு வெளியே உள்ள நடையையும் கூல்வார் என்றுதான் சொல்வார். மலையில் அது இரு பக்கமும் பாறை எழும்பி நிற்க, நடுவே செங்குத்தாக இறங்கும் குறுகலான பனி வழி. பாறையில் பிளவோ, மற்ற பகுதியைவிட மென்மையான அடுக்கோ இருக்கும் இடத்தில் நீர் புகுந்து உறைந்து விரிந்து, கல் பெயர்ந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் பள்ளம் அரிக்கிறது. குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தைப் பனி நிரப்பிவிடுகிறது. தமிழில் சொல்வதானால் மலை இடுக்கு. கேரளத்தின் இடுக்கிக்கும் இந்த இடுக்குதான் பெயர் கொடுத்தது. வட அமெரிக்கச் சறுக்காளர்கள் இதையே சூட் என்பார்கள். ஆக, இரண்டு பெயரும் நம் புளோக்கிலேயே இருக்கின்றன: வாசலில் காரிடார், சமையலறையில் குப்பை போடும் சூட். இந்த இரண்டாவது பெயர்தான் எனக்கு ஒருபடி மேல். மேலே உள்ள முகட்டிலிருந்து உதிர்கிற கல், காற்று வாரிக் கொண்டுவரும் பனி, முன்னால் போனவர் தவறவிட்ட கைக்கோல் என்று எல்லாம் அந்த வழியாகத்தான் கீழே போகும். நீங்கள் அதற்குள் நிற்கும்போதும் போகும்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். பிஸ்ட் என்பது சறுக்கு விடுதி தயார் செய்து பராமரிக்கும் பாதை. இரவில் இயந்திரம் ஓட்டிச் சமன்படுத்துவார்கள், ஓரத்தில் கம்பு நடுவார்கள், மாலையில் ரோந்துப் பணியாளர் கடைசியாக ஒரு சுற்று வருவார். ஐரோப்பாவில் இவற்றுக்கு எளிமையிலிருந்து கடினம்வரை நிறம் கொடுக்கிறார்கள்: பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு. சில நாடுகளில் பச்சை இல்லை. கம்பைத் தாண்டினால் ஆஃப் பிஸ்ட். ஆல்ப்ஸில் அந்தக் கம்புக்கு அப்பால் பனிச்சரிவு அபாயத்தை உங்களுக்காக யாரும் சோதித்து வைப்பதில்லை. லிப்ட் தலைக்கு மேலேயே போனாலும் அப்படித்தான். அமெரிக்காவில் விடுதி எல்லைக்கு உட்பட்ட பகுதி முழுவதையுமே ரோந்துக் குழு சோதிக்கும். அந்தப் பழக்கத்தோடு ஆல்ப்ஸுக்கு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். பெரும்பாலான கூல்வார்கள் கம்புக்கு அப்பால் இருப்பவை.

சரி, எவ்வளவு செங்குத்து? இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எண்கள் ஆளை ஏமாற்றும். சிலர் சரிவைச் சதவீதத்தில் சொல்வார்கள், சிலர் டிகிரியில். நூறு சதவீதச் சரிவு என்றால் சுவர் என்று நினைத்துவிடாதீர்கள், அது 45 டிகிரிதான்: ஒரு மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் கீழே. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்து வழக்கப்படி சிவப்புப் பாதையின் சரிவு 40 சதவீதம்வரை. டிகிரியில் அது 22தான். முதல் முறை பனிச்சறுக்கு போய்வந்து, "செம செங்குத்துப்பா, கால் நடுங்கிடுச்சு" என்று நாம் சொல்லும் இடமெல்லாம் இந்தக் கணக்கில் 10, 15 டிகிரியைத் தாண்டாது.

பனியே இல்லாத ஊரில் 30 டிகிரியை எங்கே பார்ப்பது? எம்ஆர்டி ரயில் நிலையத்தில். மின்படிகள் பொதுவாக 30 டிகிரிச் சாய்வில்தான் அமைக்கப்படுகின்றன. பிராஸ் பாசா நிலையத்தின் நீண்ட மின்படியின் தலைப்பில் ஒரு நிமிடம் ஓரமாக நின்று கீழே பாருங்கள். படிகளை மனத்தில் அழித்துவிட்டு அந்த இடத்தில் வழுவழுப்பான வெள்ளைத் தளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வயிறு லேசாகச் சுருங்குகிறதா? அது கூல்வார்களில் சாதுவானது. பேர்பெற்றவை 40 முதல் 45 டிகிரி. 50ஐத் தாண்டியவற்றில் இறங்குகிறவர்கள் உலகத்திலேயே சிலர்தான். 45 டிகிரியில் பக்கவாட்டாக நிற்கும்போது, மலைப் பக்கக் கையைச் சாய்த்து நீட்டினால் பனி விரலில் தட்டுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உயரத்துக்கும் ஒரு கணக்கு: புக்கித் தீமா குன்றின் உச்சி 164 மீட்டர். 500 மீட்டர் இறங்கும் கூல்வார் என்றால் மூன்று புக்கித் தீமாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது.

ஆனால் சாய்வு மட்டும் கூல்வாரைக் கூல்வார் ஆக்குவதில்லை. 40 டிகிரி அகன்ற சரிவில் பயந்தால் பக்கவாட்டில் நீளமாகக் குறுக்கே போய் வேகத்தைக் கரைக்கலாம். காரிடாரில் குறுக்கே எங்கே போவது? அகலம்தான் இங்கே எசமான். பத்து மீட்டர் இருந்தால் நிம்மதி. நான்கு மீட்டர் என்றால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். பலகையின் நீளத்தைவிடக் குறுகிவிட்டால், மல்லிகைத் தொட்டியில் இடித்த என் கதைதான்: திருப்ப முடியாது, பலகையை முழுக்கக் குறுக்கே வைத்து வழுக்கி இறங்கவும் முடியாது. நேராக விட்டுவிட வேண்டியதுதான். கூல்வாரின் மிகக் குறுகலான இடம் எங்கே வருகிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாரும் உள்ளே போவதில்லை, போகக்கூடாது.

நேராக விட்டால் என்ன ஆகும் என்பதைப் பள்ளி இயற்பியலே சொல்லிவிடும். 45 டிகிரியில் புவியீர்ப்பு உங்களைச் சரிவு வழியே இழுக்கும் முடுக்கம், உராய்வைக் கழித்த பிறகும், நொடிக்கு நொடி 6 மீட்டருக்கு மேல். ஒரு நொடியில் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவீர்கள், இரண்டாவது நொடியில் 40ஐ. நீலப் பாதையில் அதே ஒரு நொடிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகம்தான் கூடும். சாதாரணத் திருப்பம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள்: பலகை குறுக்கே இருக்கிறது, மெல்ல நுனி கீழ்நோக்கித் திரும்புகிறது, ஒரு கணம் நேரே பள்ளத்தைப் பார்க்கிறது, பிறகு மறுபக்கம் குறுக்கே வந்து நிற்கிறது. தண்ணீரைக் கொட்டினால் எந்தக் கோட்டில் ஓடுமோ அந்தக் கோட்டில் பலகை இருக்கும் அந்த ஒரு கணம் நீலப் பாதையில் சுகமானது. கூல்வாரில் அந்தக் கணத்தின் விலை பாறைச் சுவர்.

அதனால் அந்தக் கணத்தையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதுதான் துள்ளல் திருப்பம். அத்தை பார்த்த வீடியோவில் அந்த ஆள் குதித்துக் குதித்துப் போனது குஷியில் அல்ல. குறுக்கே நிற்கிறார், விளிம்பு பனியில் கடித்திருக்கிறது. கீழ்ப்பக்கக் கைக்கோலைக் காலுக்குக் கீழே, சரிவில் ஊன்றுகிறார். முழங்காலை மடக்கி எழும்புகிறார். பலகை இரண்டும் காற்றில் இருக்கும்போதே ஏறக்குறைய 180 டிகிரி சுழன்று, மறுபக்கம் பார்த்தபடி குறுக்கே இறங்குகின்றன. இறங்கிய அதே நொடியில் விளிம்பு கடிக்க வேண்டும், முழங்கால் அந்த இடியை வாங்க வேண்டும். வேகம் மறுபடி சுழியம். மூச்சு விடலாம். அப்புறம் அடுத்தது. ஒவ்வொரு துள்ளலுக்கும் இரண்டு மூன்று மீட்டர் உயரம் குறையும். 500 மீட்டருக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். தொடை எரியும்.

இதில் கற்றுக்கொள்ள மிகக் கடினமானது குதிப்பது என்று நினைத்தேன். கிடையாது. சாய்வதுதான் கடினம். பயந்த உடம்பு மலைப் பக்கம் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், சுவரைப் பிடித்துக்கொள்ளும் குழந்தை மாதிரி. அப்படி மலையை அணைத்தால் எடை கீழ்ப்பக்கப் பலகையை விட்டுப் போய்விடும், விளிம்பு பிடி தளரும், கால் நழுவும். எடை கீழ்க் காலில் நிற்க வேண்டும், மார்பு பள்ளத்தைப் பார்க்க வேண்டும், கை முன்னே இருக்க வேண்டும். அதாவது எந்தப் பக்கம் விழுவோமோ என்று பயப்படுகிறோமோ அந்தப் பக்கமே உடம்பைக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் சுழலும் கம்பளச் சரிவில் பயிற்சி எடுக்கலாம். விளிம்பு, எடை எல்லாம் அங்கே நன்றாகப் பழகும். இந்த ஒன்றை மட்டும் கம்பளம் சொல்லித் தராது, ஏனென்றால் அங்கே கீழே பார்த்தால் தரை தெரிகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இறங்கிய ஒரே கூல்வார் எட்டு மீட்டர் அகலம், மென்மையான பனி, முப்பத்தைந்து டிகிரிக்குள். "பிள்ளைகளுக்கானது" என்று வழிகாட்டி சிரித்தார். பாதி வழியில் என் கைக்கோல் நடுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

இந்தக் கலையை ஆரம்பித்து வைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சில்வேன் சொதான், சுவிட்சர்லாந்துக்காரர். 1967இல் பிரெஞ்சு ஆல்ப்ஸில் சமோனி ஊருக்கு மேலே, ஸ்பென்சர் கூல்வாரில் ஸ்கீயில் இறங்கினார். ஏறக்குறைய 50 டிகிரி; மலையேறிகள் கயிற்றோடு ஏறும் இடம். அடுத்த ஆண்டு எகுயில் வெர்த் சிகரத்தின் விம்பர் கூல்வார். அவர் துள்ளவில்லை; எடையைக் குதிகாலுக்குக் கொடுத்து, இரு பலகைகளையும் காரின் மழைத்துடைப்பான் மாதிரி ஒருசேர வீசித் திருப்பினார். 'முடியாததில் சறுக்குபவர்' என்று பட்டம் கிடைத்தது. 2024இல் காலமானார். அதே 1967இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் சறுக்கு விடுதியில், கார்பெட்ஸ் கூல்வாரில் முதன்முதலாக ஒருவர் இறங்கினார். அதன் வாசலே ஒரு குதி: பனியின் அளவைப் பொறுத்துச் சில மீட்டர் காற்றில் விழுந்துதான் உள்ளே போக முடியும். அந்தப் பெயருக்குரிய பாரி கார்பெட் 1963இல் எவரெஸ்டுக்குப் போன அமெரிக்கக் குழுவில் இருந்தவர்.

இப்போது பனி. உண்மையில் கட்டுரையை இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் திருப்பம் தெரிந்தவர்களையும் கொல்வது இதுதான். பாளமாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிவரை உள்ள சரிவுகளில் தொடங்குகின்றன. 30க்குக் கீழே பனி பொதுவாக நின்றுவிடும். மிகச் செங்குத்தில் சேர முடியாமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். இடைப்பட்ட சாய்வில்தான் நன்றாகச் சேர்ந்து, ஒரு நாள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பும். எம்ஆர்டி மின்படியின் சாய்விலிருந்து கூல்வாரின் சாய்வுவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, சறுக்கச் சுவையான சாய்வும் பனிச்சரிவுக்குப் பிடித்த சாய்வும் ஒன்றேதான்.

கூல்வாருக்குக் கூடுதல் சங்கடம் உண்டு. முகட்டின் ஒரு பக்கம் அடிக்கும் காற்று பனியை வாரி மறுபக்கப் பள்ளத்தில் கொட்டும். பள்ளம் எது? இதுதான். வானத்திலிருந்து ஒரு துளிகூட விழாத நாளிலும் கூல்வாரின் தலைப்பில் புதுப் பாளம் சேர்ந்திருக்கலாம். அதற்கும் மேலே முகட்டு ஓரத்தில், ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் மாதிரி பனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கார்னிஸ் என்பார்கள். மேலிருந்து பார்க்கிறவருக்குத் தரை மாதிரி தெரியும். எட்டிப் பார்க்கப் போய் அதோடு சேர்ந்து விழுந்தவர்கள் உண்டு. பாளம் பெயராவிட்டாலும், நீங்கள் திரும்பும்போது கிளம்பும் உதிரிப் பனி உங்கள் பின்னாலேயே ஓடிவரும். அகன்ற சரிவில் அது பரவிப் போய்விடும். இடுக்கில் அது குழாய்த் தண்ணீர். சில திருப்பங்களுக்கு ஒரு முறை பாறை ஓரம் ஒதுங்கி, அதை முன்னால் போகவிட்டுத்தான் தொடர வேண்டும். இதனால்தான் ஒரு நேரத்தில் ஒருவர் என்பது விதி. மேலே இருப்பவர் காத்திருப்பார், கீழே போனவர் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கிக் கை காட்டிய பிறகே கிளம்புவார்.

வெயிலும் உண்டு. வடக்குப் பார்த்த கூல்வாரில் பனி நாள்கணக்கில் குளிர்ந்து மாவாக இருக்கும். தெற்குப் பார்த்தது காலையில் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், பகலில் இளகும், இளகினால் மேலே பாறையைப் பிடித்திருந்த உறைபனியும் விட்டு, கல் விழ ஆரம்பிக்கும். இடையில் சில மணி நேரம் மட்டுமே சரியான நேரம். தேங்காய்ப் பால் காய்ச்சுகிறவர்களுக்கு இந்தக் கவனம் புரியும்.

ஐரோப்பாவில் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு, பனிக்காலத்தில் தினமும் அறிக்கை வெளியிடுகிறார்கள். 3 என்றால் நடுவில்தானே என்று தோன்றும். ஆனால் உயிரிழப்புகளில் பெரும்பங்கு 3 என்று அறிவித்த நாட்களில் நடக்கிறது. 4, 5 வந்தால் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 3இல் வெயிலும் அடிக்கும், ஆசையும் வரும். அதுவும் பெரும்பாலும் பனியைக் கிளப்புவது புதைபவரோ அவருடன் வந்தவரோதான்.

எடுத்துப் போக வேண்டியவை மூன்று: 457 கிலோஹெர்ட்ஸில் பேசும் சமிக்ஞைக் கருவி, புதைந்தவரைப் பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கம்பி, மண்வெட்டி. மூன்றும் உங்களிடம் இருப்பது நீங்கள் மற்றவரைக் காப்பாற்ற. உங்களைக் காப்பாற்றப் போவது பக்கத்தில் இருப்பவரிடம் உள்ள மூன்று. முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் புதைந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் அந்த வாய்ப்பு மூன்றில் ஒன்றாகச் சரிந்துவிடுகிறது. ஹெலிகாப்டர் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் இந்தக் கடிகாரத்தை முந்துவது கஷ்டம். கூட வருகிறவருக்குக் கருவியைப் பயன்படுத்தத் தெரியுமா என்பதைக் கேபிள் கார் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பயணக் காப்பீடு வாங்கும் நம்மவர்கள் பாலிசியின் விலக்குப் பகுதியையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். வழிகாட்டி இல்லாத ஆஃப் பிஸ்டுக்குப் பணம் தராத பாலிசிகள் நிறைய.

தேர்ந்தவர்கள் கூல்வாரை முதலில் கீழிருந்து பார்ப்பார்கள். எங்கே குறுகுகிறது, நடுவில் பாறைப் படி தெரிகிறதா, அடியில் விசிறி மாதிரி விரிந்து முடிகிறதா இல்லை மலை விளிம்பில் போய் நிற்கிறதா என்று. முடிந்தால் அதே வழியில் காலாலேயே ஏறிப் போவார்கள். ஒவ்வொரு அடியிலும் பனி எப்படி இருக்கிறது என்று பூட்ஸ் சொல்லிவிடும். கேபிள் காரில் போய் மேலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு இந்த எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை.

நான் எட்டிப் பார்த்தவன். பிரெஞ்சு ஆல்ப்ஸில் கூர்ஷவேலுக்கு மேலே, 2,738 மீட்டர் உயர சவுலியர் உச்சியிலிருந்து சில கூல்வார்கள் இறங்குகின்றன. பெரியதின் பெயரே கிராண்ட் கூல்வார். உச்சியிலிருந்து ஒரு ஒடுக்கமான முகட்டுப் பாதை வழியாக அதன் வாசலுக்குப் போக வேண்டும். எனக்கு முன்னால் இறங்கியவரின் விளிம்பு பனியில் தேய்ந்த சத்தம், சிமெண்டுத் தரையில் இரும்பு நாற்காலியை இழுப்பதுபோல் வந்தது. முதல் நாள் வெயிலில் இளகி, இரவில் இறுகிய பனி. வழிகாட்டி கைக்கோல் நுனியால் இரண்டு முறை தட்டினார். நுனி இறங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் கேபிள் காரைப் பார்த்தேன்.

ஊர் வந்து அத்தையிடம் சொன்னபோது முழுக்கக் கேட்டார்.

"லிப்டுலயே இறங்கிட்டியா?"

"ஆமா அத்தை."

"இறங்குறதுக்கும் தனியா காசு வாங்குனானா?"

"இல்ல, ஒரே பாஸ்தான்."

"அப்ப சரி" என்று முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.